இரண்டாவது சடங்கு

மண்டபத்து மைக் செட்டின் பாட்டு ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு சாலை வளைந்தது, சத்தம் நின்றது. வியாழக்கிழமை, காலை ஏழு மணி. தோளில் ஒரு பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, துணியில் சுற்றிய என் காய் வெட்டும் கத்தி. எழுமலையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் சமையல் செட்டுகளோடு ஊர் சுற்றுகிறவன். பிறந்தது வேதாரண்யம் பக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. கல்யாணமோ கருமாதியோ, எது நடந்தாலும் வீட்டுக்குப் பின்னால் ஓர் அடுப்பு எரியும். அந்த அடுப்பைப் பிடித்துக்கொண்டே மஸ்கட் வரைக்கும் போயிருக்கிறேன், ராஜஸ்தானிலும் இருந்திருக்கிறேன். இந்த முறை தேனியிலிருந்து ஒரு செட்டோடு இந்தப் பக்கம் இறங்கினேன்.

நான் விட்டுவந்த கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுமலைக்கு மேற்கே, மலை கைக்கெட்டுவது போல் தெரிகிற ஊர் என்பது போதும். அங்கே பார்த்த ஒரு பிள்ளையின் பெயரையும் மாற்றி யோகலட்சுமி என்று வைத்துக்கொள்கிறேன்.

முந்தின நாள், புதன்கிழமை மதியம்தான் அங்கே போய் இறங்கினோம். மண்டப வாசலில் பெரிய பிளெக்ஸ். பூப்புனித நீராட்டு விழா, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மயில் தோகைக்கு நடுவில் கிரீடம் வைத்த ஒரு சிறுமியின் முகம். அதைச் சுற்றிலும் மீசை வைத்த மாமன்மார்களின் முகங்கள். எங்கள் பக்கத்தில் வயதுக்கு வந்ததை வீட்டுக்குள் நாலு பேருக்குச் சொல்வோம். இங்கே பஸ் நிறுத்தத்தில் படம் வைக்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

சமையல்காரனுக்கு என்ன விசேஷம் என்பதைப் பத்திரிகை சொல்ல வேண்டியதில்லை, சாமான் லிஸ்ட் சொல்லிவிடும். எங்கள் செட்டை நடத்துகிற மாஸ்டர் படித்துக்கொண்டே போனார். கேசரிக்கு ரவை, சாம்பாருக்குப் பூசணி, அறுநூறு இலை. கடைசியில், "வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலரைக்குக் கோயிலுக்குப் பால் பழம் போகணும். ரெண்டு பேருக்கு மட்டும்" என்றார்.

பால் பழம் என்பது தாலி கட்டி முடித்ததும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுப்பது. "சடங்கு வீட்ல எதுக்கு மாஸ்டர் பால் பழம்?" என்று கேட்டேன்.

"வெங்காயத்தப் பாத்து வெட்டு மாப்ள. கண்ணு கலங்குதுல்ல" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்தப் பக்கத்துக்கு வந்துபோகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு தெரிந்ததுதான். சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை அடித்தால் அதிகாரிகள் வந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் சடங்கு என்று அடிப்பார்கள். சடங்கில் தாய்மாமன் சேலை எடுத்துக் கொடுப்பான், மாலை போடுவான், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வான். யாரும் தப்புச் சொல்ல முடியாது. விடியும் முன் கோயிலில் ஒரு மஞ்சள் கயிறு ஏறியிருக்கும். அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டால் பத்து மணிக்கு அது வெறும் சடங்கு.

மூன்று மணி வாக்கில் ஒரு பெண் சொம்போடு பின்கட்டுக்கு வந்து வெந்நீர் கேட்டாள். பிளெக்ஸில் இருந்த அதே முகம், யோகலட்சுமி. கிரீடம் இல்லாததால் இன்னும் சின்னதாக இருந்தது. மாஸ்டர் பருப்பு மூட்டை எடுக்கப் போயிருந்தார்.

"அண்ணே, உங்க போன் கொஞ்சம் குடுக்கிறீங்களா? எங்க டீச்சர்ட்ட பேசணும்."

கொடுத்தேன். பார்க்காமலே எண்ணை அழுத்தினாள். மணி அடித்து நின்றது. திரும்பவும் அழுத்தினாள். எடுக்கவில்லை.

"கிளாஸ்ல இருப்பாங்க. திருப்பிக் கூப்பிட்டாங்கன்னா ஊர் பேரு மட்டும் சொல்லிருங்கண்ணே. வெள்ளிக்கிழமைன்னு சொல்லிருங்க. அவுங்களுக்குப் புரியும்."

"சடங்குக்கு டீச்சரக் கூப்பிடுறியா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"எனக்கு எட்டாவது படிக்கிறப்பயே சடங்கு முடிஞ்சிருச்சுண்ணே" என்றாள். "இப்பப் பத்தாவது." சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா இல்லை, அம்மா கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில், வளர்த்தது மாமன் வீடு. இதெல்லாம் பாத்திரம் கழுவுகிற அம்மாள் சொல்லித் தெரிந்தது. மாப்பிள்ளை அந்த மாமன்தான், முப்பதைத் தாண்டியவர். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. சாயங்காலம் அடுப்படிக்கு வந்து எல்லோருக்கும் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். கேசரிக்குப் பாகு பதம் பார்க்கும்போது என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எந்த ஊருண்ணே உங்களுக்கு? அங்கிட்டு மீனு நல்லாருக்குமாமே" என்றார்.

அப்போது போன் அடித்தது.

"இந்த நம்பர்ல இருந்து கூப்பிட்டிருக்கீங்க. நான் ஸ்கூல் டீச்சர் பேசுறேன். யாருங்க?"

ஊர் பேர், வெள்ளிக்கிழமை. நான் சொல்ல வேண்டியது இரண்டே சொல். பக்கத்திலிருந்த மாமன் கையிலிருந்த டீயின் ஆவி என் முகத்தில் பட்டது.

"ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தேன்.

"யாருண்ணே?"

"லோன் வேணுமான்னு கேக்குறாங்க."

"நம்மளுக்கும் தெனம் நாலு வருது" என்று சிரித்தார். போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு மறுபடி கரண்டியைப் பிடித்தேன். அன்று கேசரி நன்றாக வந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் பின்கட்டுக் கதவில் வந்து நின்றாள். டீச்சர் கூப்பிட்டாரா என்பது போல் புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினாள். நான் அண்டாவுக்குள் பார்த்தேன். தலையை எடுத்தபோது கதவில் யாரும் இல்லை. அரை மணி நேரத்தில் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பாவத்துக்குத் துணை நிற்கக் கூடாது என்று அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். நேர்மையான காரியம் செய்கிறதாகவே நினைப்பு.

இரண்டு பக்கமும் மக்காச்சோளம், நடுநடுவே பருத்தி, தண்ணீர் இல்லாத ஓர் ஓடை. எங்கள் ஊரில் நிலம் உப்பு பூத்து வெளுத்துக் கிடக்கும், பார்வை போய் முட்ட எதுவும் இருக்காது. இங்கே எங்கே திரும்பினாலும் மலை பார்த்துக்கொண்டு நின்றது. எழுமலையில் டீ குடித்தேன். உசிலம்பட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். போனில் ஆறு தவறிய அழைப்புகள், எல்லாம் அந்த டீச்சர். உசிலம்பட்டியில் இரண்டு உளுந்த வடையும் தேங்காய்ச் சட்னியும் தின்று முடித்தபின் கூப்பிடலாம் என்று நினைத்தேன். தின்று முடித்தபோது மதுரை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

செக்கானூரணிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்துவிட்டு, "பெல்ட்டு அந்துபோச்சு, எல்லாரும் எறங்கிக் காத்தாட நில்லுங்க" என்றார். எல்லோரும் புளியமர நிழலில் ஒதுங்க, எனக்கு ஓரத்தில் வெயிலில்தான் இடம். மணி பதினொன்றரை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஏதோ ஒரு சடங்கு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நூத்தியொரு தட்டாம்லக்கா. லாரி வச்சுல்ல சீர் கொண்டாந்திருக்கான்."

"தட்டு எம்புட்டு இருந்தா என்னடி? பொண்ணு மூஞ்சி செத்துப் போயில்ல கெடந்துச்சு."

"வெக்கமா இருக்கும்."

"ஆமா, வெக்கம். நம்ம மூஞ்சியும் அப்படித்தேன் கெடந்துச்சு, மறந்துட்டியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் பெரியவள் என்னைப் பார்த்து, "என்னண்ணே, வெயிலுக்கு நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று நிழலில் இடம் விட்டாள். நான் நகரவில்லை. பக்கத்தில் ஒரு வண்டியில் கம்மங்கூழ் விற்றார்கள். மோர் மிளகாயும் மாங்காயும் கடித்துக்கொள்ள, இரண்டு சொம்பு குடித்தேன். பன்னிரண்டு மணிக்கு நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தை மறக்காமல் குறித்துவைக்கிறேன்.

வேறு பஸ் பிடித்து மதுரை ஆரப்பாளையம் வந்து சேர மூன்று மணி. போன் செத்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன போன் ரிப்பேர் கடை. தொப்பி போட்ட, என் வயதுள்ள பாய் ஒருவர் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சார்ஜில் போடச் சொன்னேன்.

"அவசரமா பேசணுமா?"

"ஒரு பிள்ளை விஷயம்" என்று ஆரம்பித்தவன் முழுவதையும் சொல்லிவிட்டேன். மஸ்கட்டைக்கூடச் சொன்னேன். அங்கே தொழிலாளர் முகாம் சமையலில் இருந்தபோது, பங்களாதேஷ்காரர் ஒருவர் மகள் கல்யாணம் என்று எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துப் படத்தைக் காட்டினார். பதின்மூன்று வயதுக்கு மேல் இராது. நான் இன்னொரு துண்டு இனிப்புக் கேட்டு வாங்கினேன். ராஜஸ்தானில் ஒரு நெடுஞ்சாலைத் தாபாவில் பாத்திரம் விளக்கிய பெண்ணுக்கு நெற்றி வகிட்டில் குங்குமம், உட்கார்ந்தால் அடுப்பு உயரம்கூட இல்லை. அவள் விளக்கிய தட்டில்தான் நான் மூன்று மாதம் சாப்பிட்டேன்.

பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "போன் இப்பத்தான மவுத்தாச்சு. நேத்து சாயங்காலம் உசிரோடதான இருந்துச்சு?"

நான் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பழைய போன்களைப் பார்த்தேன்.

"எம் பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. கல்யாணத்த முடிச்சு வச்சிரலாம்னு எங்க மச்சான் தெனம் போன்ல கூப்பிடுறான். நான் போன எடுக்க மாட்டேன். அதுவாச்சும் செய்யிறேன். நீங்க எடுத்துட்டு ராங் நம்பர்ங்கிறீங்க." சார்ஜரைப் பிடுங்காமலே போனை என் பக்கம் தள்ளினார். "அஞ்சு பெர்சன்ட் ஏறிருச்சு. பேசுங்க."

டீச்சர் முதல் மணியிலேயே எடுத்தார். ஊர் பேரைச் சொன்னேன். கோயிலைச் சொன்னேன். வெள்ளி விடியக்காலம் நாலரை, பால் பழம், எல்லாம் சொன்னேன்.

"நேத்து ராங் நம்பர்னு சொன்னது இந்தக் குரல்தானே?"

"ஆமா டீச்சர்."

"சரி" என்றார். "யார்யாருக்குச் சொல்லணுமோ சொல்றேன். போனை மட்டும் அணைச்சிடாதீங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்து நாலு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். பசி இருந்தது. அது அப்படித்தான், எது நடந்தாலும் எனக்குப் பசிக்கும்.

இரவுக்குப் பரவை போனேன். அங்கே காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற கருப்பையா எனக்குப் பழக்கம். விடியும் முன்பே லாரிகள் வந்து நிற்க, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை ஆயிற்று. ஆறு ஆயிற்று. கருப்பையா வேலை முடித்து வந்து, இலையில் இட்லியும் குடல் குழம்பும் வாங்கி வைத்தான். வெள்ளிக்கிழமை மதியம்தான் டீச்சர் கூப்பிட்டார்.

"நாலு மணிக்கே கோயிலுக்குப் போயிட்டோம். யாருமே இல்லை."

"மாத்திட்டாங்களா?"

"நேத்தே முடிச்சிட்டாங்க, அந்த ஊர்ல இருந்து படிக்க வர்ற பிள்ளை ஒண்ணு ரகசியமா சொல்லுச்சு. மதியம் பன்னெண்டு மணிக்கு, வீட்டுக்குள்ளேயே." அவர் குரல் தளர்ந்திருந்தது. "சமையல்ல ஒரு ஆளைக் காணோம், கத்தியையும் காணோம்னு காலைல பேச்சு வந்திருக்கு. மொத நாள் அவனுக்கு ஒரு போன் வந்துச்சே, போலீசுக்குத்தான் போயிருப்பான்னு அந்த மாமன் சொல்லிருக்கான். உடனே கயிறு வாங்கிட்டு வந்து கட்டிட்டாங்க."

எனக்குப் புரிந்தது. சமையல் செட்டில் ஒருவன் பக்கத்தில் டீ குடிக்கப் போனானா, ஊரைவிட்டே போனானா என்று பார்க்க அவன் கத்தியைத்தான் தேடுவார்கள். கத்தி இருந்தால் ஆள் வருவான். நான் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கேயே உட்கார்ந்து வெங்காயம் வெட்டிக்கொண்டு, ஒதுக்குப்புறமாய்ப் போய் ஒரு போன் பண்ணியிருந்தால் அவர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருப்பார்கள். டீச்சரும் கோயிலில் போய் நின்றிருப்பார். பாவத்துக்குத் துணை நிற்கக் கூடாது என்று நடந்தேனே, அந்த நடைதான் அவளுக்கு ஒரு நாளைக் குறைத்தது. நான் கூழ் குடித்த நேரத்தில்.

"இன்னைக்குப் பத்து மணிக்கு அதிகாரிங்க மண்டபத்துக்கும் போனாங்க" என்றார் டீச்சர். "சடங்குதாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பிள்ளையும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு சடங்குதான்னு சொல்லுது. சுத்தி அம்புட்டுப் பேர் நிக்கிறப்ப வேற என்ன சொல்லும்? வந்த அதிகாரிங்களுக்கு இலை போட்டு உக்காரச் சொல்லிருக்காங்க."

"இனி ஒண்ணும் செய்ய முடியாதா?"

"நடந்தது கல்யாணம்தான்னு யாராவது சாட்சி சொன்னா முடியும். பிள்ளையைத் தனியா வச்சு விசாரிப்பாங்க, ஹாஸ்டல்ல சேத்துப் படிக்க வைக்கலாம். ஊருக்குள்ள யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நாளைக்கு அவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. உங்களுக்கு அந்தப் பயம் இல்லையே. கோயில், நாலரை மணி, பால் பழம்னு முன்னாடியே பேசினதை நீங்க சொல்லலாம். எழுதிக் குடுத்துட்டுப் போற வேலை இல்லை. கூப்பிடுறப்பல்லாம் வரணும். மாசக்கணக்கா ஆகும். முடியுமா?"

"வாரேன் டீச்சர்" என்றேன்.

கருப்பையா கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "நீ சாட்சியா?" என்றான். "ஏய், ஒனக்கு ரேஷன் கார்டுலயே நெலையா ஒரு ஊரு கெடையாது. போகாத மாப்ள. பஸ் ஸ்டாண்டுல வச்சு அடிச்சுப்புடுவாய்ங்க. இங்கயே இரு, நாளைக்குப் பொள்ளாச்சிக்குத் தேங்கா லாரி திரும்பிப் போகுது, ஏத்தி விடுறேன்."

ஏறியிருப்பேன். அதை மறைப்பதில் பயனில்லை. சாயங்காலம் அந்த லாரி நிற்கிற இடம் வரைக்கும் போய் டிரைவரிடம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்றுகூடக் கேட்டேன். திரும்பி வரும்போது என் தங்கை மல்லிகாவின் கல்யாணம் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது பதினைந்து. பள்ளிக்கூடப் பையை எங்கே வைக்கட்டும் என்று என்னைத்தான் கேட்டாள். பரணில் போடு என்றேன். நான் முதன்முதலாகப் பந்தி பரிமாறியது அவள் கல்யாணத்தில்தான். கையில் வாளி கொடுத்த சமையல்காரர், நல்லாப் பரிமாறுறியே தம்பி என்றார். அந்தப் பாராட்டைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கூப்பிடுகிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பஸ் நிலைய வாசலில் ஒரு டீக்கடை. எழுமலைப் பக்கம் போகிற வருகிற எல்லாப் பஸ்ஸும் அதன் முன்னால்தான் நிற்கும். மண்டபத்திலிருந்து யார் உசிலம்பட்டிக்கு வந்தாலும் நான் அவர்கள் கண்ணில் படுவேன். கிளாஸ் கழுவ ஆள் தேவை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தது.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பையில என்ன?"

கத்தியை எடுத்துக் காட்டினேன். "சமையல்காரன்."

"சமையல்காரன் கிளாஸ் கழுவ வாரியா? நாலு நா இருந்துட்டு ஓடுற ஆளுன்னா இப்பயே சொல்லிரு. போன வாரம் ஒருத்தன் அப்படித்தேன் ஓடுனான்."

"ஓட மாட்டேன்."

"எம்புட்டு நாளைக்கு இருப்ப?"

"ஒருத்தர் போன் பண்ணுவாங்க. அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. கத்தியை அவரிடமே கொடுத்து, உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பன் வெட்ட ஆகும் என்று வாங்கி அடுப்புக்குப் பின்னால் செருகினார். போனைச் சத்தமாக வைத்து, தண்ணீர் தெறிக்காத பலகையில் சாய்த்துவிட்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழுமலை பஸ் வந்து நின்றது. பள்ளிச் சீருடையில் ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள், அவள் இல்லை. சனிக்கிழமை, பத்தாவதுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் என்றார் கடைக்காரர். நான் முதல் கிளாஸை எடுத்துக் கழுவினேன்.